துறையடியில் காத்திருந்த ஊர்

எனது ஊர் மூதூர். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக்குடாவில் கடலோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு அப்பால் திருகோணமலை நகரம் தெரியும். இரவில் அதன் விளக்குகளைக் காட்டித்தான் அம்மா எங்களுக்குச் சோறூட்டுவார். கண்ணுக்குத் தெரிந்த அந்த நகரம் காலுக்கு எட்டாமலே நெடுங்காலம் இருந்தது.

எங்கள் ஊருக்குத் தண்ணீர்தான் வாசல். 1659 இல் புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, அதைச் சரிசெய்யக் கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது. 1660 இல் மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அதில் வந்தவர்களைச் சிறைப்பிடித்தனர். அவர்களுள் ஒருவரான றொபர்ட் நொக்ஸ் 19 வருடங்களுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தார். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்த அவர், 1679 இல் தப்பிச் சென்று 1681 இல் தமது அனுபவங்களை நூலாக வெளியிட்டார். கைத்தொழில் ஒன்று தெரிந்தால் எங்கும் பிழைக்கலாம் என்பதை, தையல் இயந்திரத்தோடு இடம்பெயர்ந்த நம் சகோதரிகளுக்குச் சொல்லவும் வேண்டுமா?

திருகோணமலைக்குப் போக எமக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கடல் வழியே லோஞ்ச். மற்றது தரை வழி. அதில் துறைக்குத் துறை, நாங்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் ஏற வேண்டும். யுத்தகாலத்தில் ஓரிரவு அக்காவுக்குப் பிரசவவலி கண்டது. இருட்டியபின் துறையைக் கடக்க முடியாது. விடியும்வரை துறையடியிலேயே இருந்தோம். அக்கா பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

2006 யூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து யுத்தம் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட்டில் அது ஊருக்குள்ளேயே வந்தது. தமிழரும் முஸ்லிம்களுமாகக் கந்தளாய் நோக்கி நடந்தோம். பக்கத்துச் சம்பூர் மக்கள் தமது காணிகளுக்குத் திரும்பப் பல வருடங்கள் சென்றன.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். அப்போது நாட்டிலேயே மிக நீளமான பாலம் அதுதான். பின்னர் மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. முதன்முறை பஸ்ஸில் கடந்தபோது அக்கா எதுவும் பேசவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நாம் கடக்கவேண்டிய துறை இன்னொன்றும் இருந்தது. கணவரின் மரணப் பதிவு விடயமாக அக்கா ஓர் அலுவலகத்துக்குப் போனார். "ஆம்பிளை ஆரும் வரல்லியா?" என்று கேட்டார்களாம். அழுதுகொண்டு திரும்பி வந்தார். அதன்பின் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் ஐந்து பேர், தமிழரும் முஸ்லிம்களும், ஒன்றாகவே போகத் தொடங்கினோம். எந்த வேலை எங்கே நடக்கும் என்று கேட்டுக் கேட்டுப் படித்தோம். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளுக்குப் பிரதேச செயலகம். தெருவிளக்கு, ஒழுங்கை, வடிகான், குப்பை, நூலகம் என்பவற்றுக்குப் பிரதேச சபை. கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'கிடைத்தது' என்று முத்திரை வாங்கிக்கொள்வோம். அக்காவின் பதிவு முடிந்தது. ஒழுங்கையிலும் விளக்கு எரிகிறது.

சட்டமும் இன்று நமக்குக் கைகொடுக்கிறது. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் என்பது 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும் அரச அலுவலகத்திடம் தகவல் கோரலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும்.

பாலம் வந்துவிட்டதே, இனி என்ன கேள்வி என்று இருந்துவிடாதீர்கள். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாதிருந்த வேளை, மிதவைப் பாதை கவிழ்ந்தது. குறைந்தது ஆறு பேர் இறந்தனர். அவர்களில் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தனர். அந்தச் செய்தி கேட்ட அன்று அக்கா சாப்பிடவில்லை.

அன்புச் சகோதரிகளே, உங்கள் ஊரிலும் முடியாத பாலமோ, எரியாத விளக்கோ, அடைபட்ட வடிகானோ இருக்கும். தனியே போகத் தயக்கமென்றால் அயலவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடிதத்தின் அடியில் உங்கள் பெயரையே எழுதுங்கள்.