கப்பற் பிரயாணம்: தொடுப்பதா, பிரிப்பதா?

2023 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே காங்கேசன்துறைக்கு ஒரு வெள்ளைக் கப்பல் வந்தது. எம்பிரஸ் என்பது அதன் பெயர். சென்னையிலிருந்து உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை என்னும் துறைகளைத் தொட்டு வந்த கப்பல். தூரத்தே நின்று பார்த்தவர்களுள் யானும் ஒருவன். அதன் பூர்வ சரித்திரம் பின்னரே எனக்குத் தெரியவந்தது. 1990 இல் நோர்டிக் எம்பிரஸ் என்னும் பெயரோடு பிரான்சு தேசத்தில் அது கட்டப்பட்டது. மயாமிப் பட்டினத்திலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நாளிலும் நான்கு நாளிலும் போய்வரும் குறும் பிரயாணங்களுக்கென்றே கட்டப்பட்டது. மூன்று நாட் பிரயாணம் முடிந்தபின் வீடு திரும்பாது, அடுத்த நான்கு நாட் பிரயாணத்துக்கும் அதே கப்பலில் இருந்துவிட்டால் ஒரு வாரம் நிறைந்துவிடும்.

இவ்வாறு இரு பிரயாணங்களை இடைவெளியின்றித் தொடுத்துச் செல்வது சிறந்ததோ, காலம் விட்டு இரண்டு தனிப் பிரயாணங்களாகச் செல்வது சிறந்ததோ என்று ஒருவர் வந்து கேட்டால், தமிழ்ப் பண்டிதன் என் செய்வான்? 'இது நன்னூலுக்குப் புறம்பான வினா' என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். எனக்கு அவ்வாறு தப்ப இயலவில்லை. கேட்டவர் என் மாணவர். அவர் மனைவியாரும் என் மாணவியே. இருவரும் ஒரே வகுப்பில் இருந்து இலக்கணம் படித்தவர்கள். இப்பொழுது ரொறன்ரோ நகரில் இருந்துகொண்டு, இந்த ஒரு பொருளில் கருத்தொருமை இன்றி, என்னை நடுவனாக்கிவிட்டார்கள்.

"ஐயா, எனக்கு இரண்டு கிழமை லீவு இருக்குது. அம்மாவைக் கப்பலிலை கூட்டிக்கொண்டு போகப்போறன். இரண்டு கிழமையையும் சேர்த்துப் போறதோ, இப்ப ஒண்டு ஆவணியிலை ஒண்டு எண்டு பிரிச்சுப் போறதோ?"

மாணவர் பேருந்து ஓட்டுபவர். தாயார் வல்வெட்டித்துறையிற் பிறந்தவர், வயது எழுபத்தேழு. மனைவியாரின் கட்சி பிரித்துச் செல்வது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர் உளர். ஒன்ராறியோ மாகாணத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பங்குனி மாதத்தில் ஒரு வார விடுமுறைதான் உண்டு. இரண்டு வாரம் தொடர்ந்து செல்வதாயின் பிள்ளைகள் ஒரு வாரப் படிப்பை இழக்க வேண்டும். ஆசிரியனாகிய யான் இதற்கு உடன்படுவேனா?

ஆதலால் முதலில் மனைவியார் பக்கமே தீர்ப்புக் கூறினேன். காத்திருத்தலிலும் ஒரு சுவை உண்டு. கொடியேற்றம் தொடங்கித் தேர் வரையும் மனம் நாளெண்ணிக்கொண்டிருப்பதன்றோ திருவிழா? தேருக்கு மறுநாளே இன்னொரு தேர் பார்த்தால் இரண்டும் மங்கிப்போம். இரண்டு பிரயாணங்களைப் பிரித்து வைத்தால் காத்திருக்கும் காலமும் இருமுறை கிடைக்கும். இப்படி ஒரு சிறு பிரசங்கமே செய்துவிட்டேன்.

மாணவர் மறுக்கவில்லை. இரண்டு நாள் சென்றபின் கப்பல் அட்டவணைகளை அனுப்பி, "ஒருக்கால் இதுகளையும் பாருங்கோ ஐயா" என்றார். பார்த்தேன். பொழுதுபோக்காகத் தொடங்கியது, பல இரவுகளை எடுத்துக்கொண்டது.

முதலில் அறிந்துகொண்டது தேசப்படம். புளோரிடாக் குடாநாட்டின் தென்கோடிக்கு அண்மையில் மயாமி இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போனால் சென் தோமஸ், சென் மாட்டின் முதலிய தீவுகள். மேற்கே போனால் மெக்சிக்கோவின் கொசுமெல், ஹொண்டுராசின் றொயாட்டன். ஒரே துறை, இரண்டு திசை. கப்பற் கூட்டங்கள் இதை நன்கு பயன்படுத்துகின்றன. 2024 தை மாதம் தொடங்கி மயாமியிலிருந்து ஓடும் ஐக்கன் ஒவ் த சீஸ் என்னும் பெருங்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கு இருவர் என்ற கணக்கில் மாத்திரம் 5,610 பிரயாணிகளை ஏற்றும் கப்பல் அது. பெரும்பாலும் ஒரு வாரம் கிழக்குக் கரீபியன் கடலுக்கும் மறு வாரம் மேற்குக் கரீபியன் கடலுக்குமாக மாறி மாறிச் செல்கிறது. அடுத்தடுத்த இரு வாரங்களைத் தொடுத்தவர் கண்ட துறையையே மீண்டும் காண்பது குறைவு. முற்றிலும் இல்லை என்று சொல்லல் ஆகாது. பஹாமாசில் கப்பற் கூட்டத்துக்குரிய தனித்தீவு ஒன்று பெரும்பாலும் இரண்டு வாரத்திலும் வந்துவிடும்.

எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை. ஹவாய்த் தீவுகளைச் சுற்றும் பிறைட் ஒவ் அமெரிக்கா என்னும் கப்பல் ஹொனலூலுவிலிருந்து வாரந்தோறும் புறப்பட்டு, அதே வழியில் அதே தீவுகளைச் சுற்றுகிறது. அதில் இரண்டு வாரம் தொடுப்பது கூறியது கூறல் என்னும் குற்றத்தின்பாற் படும். ஆனால் நோர்வேக் கரையோரம் செல்லும் கப்பல்களின் கதை வேறு. 1893 இல் தொடங்கிய அச்சேவையில் பேர்கனிலிருந்து வடகோடியிலுள்ள கிர்க்கனெஸ் வரை போய் மீளப் பன்னிரண்டு நாட்கள் ஆகும். போகும்போது இரவிலே தொட்ட துறைகளை வரும்போது பகலிலே தொடும்படி நேரத்தை அமைத்திருக்கிறார்கள். வழி ஒன்றுதான், கண்ட காட்சி ஒன்றன்று. இத்தகைய ஏற்பாடு இருக்குமாயின், மீட்டும் வருதலைக் குற்றமென்று தள்ள யான் துணியேன்.

இனி இரண்டு பிரயாணங்களும் ஒன்றோடொன்று சந்திக்கும் இடத்துக்கு வருவோம். மாணவர்க்கு விளங்கும் மொழியில் இதனைப் புணரியல் என்றே சொன்னேன். முதல் வாரம் நிலைமொழி. இரண்டாம் வாரம் வருமொழி. பயணச்சீட்டு எடுக்கும்போது இவை இரண்டும் வெவ்வேறு பதிவுகள். பணமும் வேறு, இலக்கமும் வேறு. கப்பல் மயாமிக்குத் திரும்பும் காலையிலே இரண்டும் புணர்கின்றன. அங்கே தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரம் மூன்றும் நிகழக் காணலாம். புதிய ஏறுசீட்டு தோன்றும். இரு பதிவுக்கும் ஒரே அறை கிடையாவிட்டால் அறை திரியும். பெட்டியைப் பணியாள் எடுத்துச் செல்வார், தொங்கவிட்ட உடுப்புகளை அப்படியே தூக்கிச் செல்வாரும் உண்டு. முதல் வாரக் கணக்குத் தீர்க்கப்பட்டுக் கெடும். ஒரே அறை கிடைத்துவிட்டால் ஏறக்குறைய இயல்பு புணர்ச்சி என்று சொல்லிவிடலாம். முழு இயல்பு என்று சொல்ல அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் விடமாட்டார்கள்.

ஏனென்றால் அங்கு அன்றைய தினம் கப்பலிலுள்ள பிரயாணிகள் அனைவரும் இறங்கியாக வேண்டும். ஒருவரும் மீதியில்லை என்று கணக்குச் சுழியத்துக்கு வந்தபின்பே புதியவர்கள் ஏறலாம். தொடர்ந்து செல்வோரை ஒரு மண்டபத்திற் கூட்டிவைத்து, ஒன்றாகக் கரைக்கு நடத்திச் சென்று, கடவுச்சீட்டைக் காட்டுவித்து, பெரும்பாலும் புதியவர்களுக்கு முன்பே மீண்டும் கப்பலுக்கு அழைத்து வருவார்கள். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்கள், நுழைவு விசா ஒருமுறைக்கு மட்டும் உரியதோ பலமுறைக்கு உரியதோ என்பதை முன்னரே நன்கு பார்த்துக்கொள்ள வேண்டும். தொடுத்துச் செல்பவன் தன்னை இடையில் இறங்காதவன் என்று நினைத்துக்கொள்வான். சட்டத்தின் கண்ணுக்கு அவன் இறங்கி ஏறியவன்.

இதற்கு நேர்மாறாகச் சட்டம் பார்க்கும் இடமும் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் சுவைத்தது அதுவே. 1886 ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அமெரிக்கத் துறை ஒன்றில் ஏறியவரை வேறோர் அமெரிக்கத் துறையில் இறக்கும் உரிமை அந்நியக் கொடி பறக்கும் கப்பலுக்கு இல்லை. இடையிலே தூரதேசத் துறை ஒன்றைத் தொட்டிருந்தாலன்றி. பெரிய உல்லாசக் கப்பல்கள் மிகப் பலவும் பஹாமாஸ், பனாமா முதலிய நாடுகளின் கொடியோடு ஓடுவனவே. ஒருவர் சியாற்றிலிலிருந்து வன்கூவருக்கு ஒரு சீட்டும், வன்கூவரிலிருந்து அலாஸ்காவின் சூவாட் துறைக்கு மறு சீட்டும் அதே கப்பலில் எடுக்கிறார் என்க. தனித்தனியே பார்த்தால் இரண்டும் குற்றமற்றவை. தொடுத்தாலோ, சியாற்றிலிலிருந்து சூவாட்டுக்குச் சென்றதாகவே சட்டம் கொள்ளும். கனடா அயல்நாடுதான்; ஆனால் தூரதேசம் அன்று. எனவே அந்தத் தொடர் தடுக்கப்படும். வன்கூவரில் ஏறிச் சூவாட் சென்று வன்கூவருக்கே மீள்பவர்க்கு இத்தடை இல்லை.

'சென்றான். வந்தான்.' இவை இரண்டு முற்றுகள். 'சென்று வந்தான்' என்னும்போது 'சென்று' என்பது எச்சம். அது தனியே நில்லாது. நாம் இரண்டு முற்று என்று எண்ணிப் பணம் கட்டுகிறோம். சட்டம் முன்னதை எச்சமாக்கிவிடுகிறது. மாணவர் இதைக் கேட்டுத் தொலைபேசியிலே நெடுநேரம் சிரித்தார்.

பிரித்துச் செல்வோர் கட்சிக்கும் வலிய நியாயங்கள் உண்டு. கடல்கள் எல்லாம் ஒரே பருவத்தில் அழகாயிருப்பதில்லை. அலாஸ்காவைக் காணவேண்டுமாயின் மே முதல் செப்டெம்பர் வரையுமே தக்க காலம். அங்கே கிளேசியர் வளைகுடா என்னும் பனியாற்று வளைகுடாவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. அத்துணை அருமையாகக் காக்கப்படும் இடம். கரீபியன் பகுதியிலோ யூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். குளிர் மாதங்களே நல்லன. இரண்டையும் விரும்புபவர் பிரித்தே செல்ல வேண்டும். மேலும், முதல் வாரத்தில் நோய் வந்தால் தொடுத்தவனுக்கு இரண்டு வாரமும் போய்விடும். உணவுப் பட்டியலும் ஆடல் பாடலும் ஏழு நாட் பிரயாணத்துக்கென அமைத்தவை. எட்டாம் நாள் முதலாம் நாள் மீண்டும் மேசைக்கு வரும். மனைவியார் இந்தக் கடைசி நியாயத்தைப் பெரிதும் வற்புறுத்தினார். அவர் அலாஸ்காவை நெடுநாளாக மனத்தில் வைத்திருந்தவர் என்பதையும் யான் அப்போதுதான் அறிந்தேன்.

விமானச் செலவு தொடுத்தவர்க்குக் குறையும் என்பதை எல்லோரும் முதலிற் சொல்வார்கள். அது பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மிச்சம் பிடித்த பணத்தைக் கப்பலே வாங்கிக்கொள்ளும். ஆனால் விமானத்திலே பணத்தைவிட வேறொன்றும் செலவாகிறது. அதை மாணவர் மிகவும் தாழ்ந்த குரலிலே சொன்னார்.

"அம்மா போன கார்த்திகையிலை குளியலறையிலை விழுந்திட்டா ஐயா. எலும்பு முறியேல்லை. ஆனா இப்ப சக்கர நாற்காலி இல்லாம விமான நிலையம் முழுக்க நடக்கமாட்டா. ஒருக்காப் போய் வரலாம். இரண்டாந்தரம்… ஆவணிக்கு எப்படியிருப்பாவோ தெரியாது."

காத்திருத்தலின் சுவையைப் பற்றி அவரிடம் பிரசங்கம் செய்தவன் யான். நாளெண்ணிக் காத்திருக்க நாள் கையில் இருக்க வேண்டும். இந்தச் சிறு விடயம் என் தீர்ப்பில் விடுபட்டுப் போயிற்று. அன்று வேறொன்றும் பேசாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பிள்ளைகளின் படிப்பு அப்படியே நின்றது. அதற்கு வழி கண்டவர் மாணவியே. இரண்டும் வெவ்வேறு பதிவுகள் என்றால், இரண்டுக்கும் ஒரே ஆட்கள்தாம் இருக்க வேண்டும் என்பது விதியன்றே! மாணவரும் தாயாரும் பங்குனி விடுமுறைக்கு ஒரு வாரம் முந்தி மயாமியில் ஏறிக் கிழக்கே போவது. கப்பல் திரும்பும் நாளில் மாணவியும் பிள்ளைகளும் விமானத்தில் வந்து ஏறிக்கொள்வது. பின் ஐவருமாக மேற்கே போவது. தாயார்க்கு விமானம் ஒருமுறை போக, ஒருமுறை வர. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு நாளும் தவறாது. விடுமுறை வாரத்துக்குக் கட்டணம் கூடுதல், அதைக் கொடுத்தார்கள். அலாஸ்கா மாத்திரம் நிலுவையிலே நின்றது. அதை விட்டுக்கொடுத்தவர் மாணவி என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்; அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சென்ற பங்குனியில் அவ்வாறே போனார்கள். இடைப்பட்ட அந்தச் சனிக்கிழமை காலை நடந்ததை மாணவர் பின்னர் எனக்குச் சொன்னார். தாயாரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோய், அதிகாரிக்கு முகத்தைக் காட்டுவித்து, மீண்டும் கப்பலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தொடர்ந்து செல்வோர் ஒரு சிறு கூட்டமே. முதல்நாள் இரவு ஆயிரக்கணக்கான சனம் நெருக்கிய மேற்றளத்திலே ஒருவரும் இல்லை. நாற்காலிகள் எல்லாம் வெறுமையாய்க் கிடந்தன. பணியாட்கள் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தாயார் கடலைப் பாராமல் அந்த வெறுமையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள் வீடு மாதிரிக் கிடக்கு" என்றாராம். சிறிது நேரம் கழித்து, "நேற்று மட்டும் நான் விருந்தாளி, தம்பி. இண்டைக்குத்தான் வீட்டுக்காரி" என்றாராம்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னதாக மாணவியும் பிள்ளைகளும் பெட்டியும் கையுமாக வந்து ஏறினார்கள். புதியவர்கள் எல்லோரும் நடுக் கூடத்தில் வழி தெரியாது திகைத்து நின்றார்கள். மின்தூக்கிக்கு முன் பெரிய நெரிசல். பேரப்பிள்ளைகள் படிக்கட்டை நோக்கி ஓட, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தாயார் கையைத் தூக்கி அவர்களை மறித்தாராம்.

"அதாலை போகாதையுங்கோ பிள்ளையள், சனம் கூட. பின்னுக்கு ஒரு தூக்கி இருக்கு. இஞ்சாலை வாங்கோ, நான் காட்டுறன்."