டைல்ஸைத் திருப்பிப் பார்!

வா கண்ணு, வா. முதலில் ஒரு வேலை செய். செருப்பைக் கழற்றிவிட்டு உன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவா. கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, பாதத்தாலும் பார்.

என்ன தெரிந்தது? ஹாலில் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. குளியலறையில் காலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பு. அடுப்படிச் சுவரில் வேறொரு ரகம். மொட்டை மாடிக்குப் போனால் அங்கே இன்னொன்று.

ஒரே டைல்ஸை வாங்கி வீடு முழுக்க ஒட்டிவிட்டால் வேலை சுலபம்தானே? ஏன் இத்தனை வகை? இப்படி ஒரு கேள்வி உனக்குள் எழுந்திருந்தால் சபாஷ்! எல்லோரும் மிதித்துக்கொண்டு போகிற ஒன்றைப் பற்றி நின்று யோசித்திருக்கிறாய். அந்தக் குணத்தை விட்டுவிடாதே.

கடைக்குப் போகும் பெரியவர்கள் பெரும்பாலும் பளபளப்பையும் பூ வேலையையும்தான் பார்ப்பார்கள். நீ டைல்ஸைத் திருப்பி, அதன் முதுகைப் பார். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸை மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்திருப்பார்களே, அதில் சுவருக்கு ஒட்டியது ஒன்று, ஹால் தரைக்கு ஒட்டியது ஒன்று எடுத்துத் தரச் சொல். நீயே தூக்காதே. உடைந்த ஓரம் கையைக் கிழித்துவிடும். இரண்டையும் கவிழ்த்து வைத்து, முதுகில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடு.

சுவர் டைல்ஸில் விட்ட சொட்டு கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். அது இருந்த இடம் ஈரக்கறையாக நிற்கும். ஹால் டைல்ஸ் விட்ரிஃபைடு வகையாக இருந்தால் சொட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒன்று தண்ணீரைக் குடிக்கிறது, இன்னொன்று குடிக்கவில்லை.

இரண்டுமே மண்ணில் பிறந்தவைதான். களிமண், குவார்ட்ஸ் மணல், ஃபெல்ட்ஸ்பார் என்ற ஒரு கல், இவற்றைப் பொடித்துக் கலந்து, பலமாக அழுத்தித் தகடாக்கி, சூளையில் சுடுகிறார்கள். நம் நாட்டில் விற்கும் டைல்ஸில் பெரும்பங்கு குஜராத்தில் உள்ள மோர்பி ஊரிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும்தான் வருகிறது. உன் வீட்டு டைல்ஸ் பெட்டி இன்னும் இருந்தால் முகவரியைப் படித்துப் பார்.

சூளையின் சூடு ஏறி ஏறி 1200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகத் தொடங்கும். கார்த்திகைக்குப் பாட்டி பொரி உருண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? வெல்லப்பாகு பொரிகளுக்கு நடுவே ஓடி, இடுக்கையெல்லாம் நிரப்பி, ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். உருகிய ஃபெல்ட்ஸ்பாரும் மண் துகள்களுக்கு நடுவே ஓடி அதைத்தான் செய்கிறது. விட்ரிஃபைடு டைல்ஸில் ஆறியதும் உள்ளே இடுக்கு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தண்ணீர் எங்கே நுழையும்?

சுவர் டைல்ஸில் அந்தப் பாகு குறைவு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். ஒரு கிலோ எடையுள்ள சுவர் டைல்ஸ் 100 கிராமுக்கு மேலேயே தண்ணீர் குடித்துவிடும். அதே ஒரு கிலோ விட்ரிஃபைடு டைல்ஸ் எவ்வளவு குடிக்கலாம் தெரியுமா? 5 கிராம்தான் உச்சவரம்பு. ஒரு டீஸ்பூன் தண்ணீர்!

இதுவரை புரிந்ததா? நல்லது. அப்படியானால் சுவர் டைல்ஸ் மட்டமான சரக்கா?

இல்லவே இல்லை. சுவரில் யார் நடக்கப்போகிறார்கள்? அதன் முகத்தில் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு இருக்கிறது. தண்ணீரும் எண்ணெயும் அதைத் தாண்டி உள்ளே போகாது. முதுகில் உள்ள துளைகளோ சிமெண்ட் நன்றாகப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. எடையும் குறைவு, சுவரிலிருந்து சரியாது.

எங்காவது வீட்டு வேலை நடந்தால் எட்டிப் பார். ஒட்டுவதற்கு முன்னால் கொத்தனார் சுவர் டைல்ஸைத் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டிருப்பார். போட்டவுடன் முத்து முத்தாகக் குமிழிகள் கிளம்பும். துளைகளுக்குள் இருந்த காற்றை வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீர் அந்த இடத்தைப் பிடிக்கிறது! ஊறப் போடாமல் ஒட்டினால், காய்ந்த டைல்ஸ் சிமெண்டில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். அது போய்விட்டால் பிடிப்பும் போய்விடும். விட்ரிஃபைடு டைல்ஸுக்கு இந்தக் கதை கிடையாது. அதன் முதுகில் சாதா சிமெண்ட் சரியாக ஒட்டுவதே இல்லை. அதனால் அதற்கென்று தனிப் பசை வாங்குகிறார்கள்.

இப்போது குளியலறைக்கு வருவோம். வீட்டிலேயே அதிக கவனமாக டைல்ஸ் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஹாலுக்கு ஆயிரமாயிரமாகச் செலவு செய்துவிட்டு, குளியலறைக்கு மிச்சமிருந்ததைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தாத்தா பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடமாட எத்தனை மாதம் ஆகும்!

ஏன் வழுக்குகிறது? நாம் நடக்கும்போது பாதம் தரையைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. தரை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்வதால்தான் நாம் முன்னால் போகிறோம். அந்தப் பிடிப்புக்கு உராய்வு என்று பெயர். வழவழப்பான டைல்ஸில் சோப்புத் தண்ணீர் கிடந்தால், பாதத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் மாட்டிக்கொள்ளும். பாதம் டைல்ஸைத் தொடுவதே இல்லை, தண்ணீரின் மேல்தான் நிற்கிறது! சொரசொரப்பான டைல்ஸில் சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் இருக்கும். தண்ணீர் பள்ளத்தில் ஒதுங்கிக்கொள்ளும், மேடு பாதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த டைல்ஸ் எவ்வளவு பிடிக்கும் என்று அளப்பதற்கு ஜெர்மனியில் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். கேட்டால் உனக்கே போய் அதில் சேர்ந்துவிடத் தோன்றும். டைல்ஸ் பதித்த ஒரு நடைபலகை. அதன் மேல் சோப்புத் தண்ணீர் ஓடும். வெறுங்காலோடு ஒருவர் அதில் முன்னும் பின்னும் நடப்பார். விழுந்துவிடாமல் இருக்க உடம்பில் பட்டை கட்டியிருப்பார்கள். பலகையின் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவார்கள். எந்தச் சாய்வில் அவருக்குக் கால் நிலைகொள்ளவில்லையோ, அந்தக் கோணத்தைக் குறித்துக்கொள்வார்கள். 12 டிகிரி வரை தாக்குப்பிடித்தால் ஏ வகுப்பு, 18 டிகிரி என்றால் பி, 24 டிகிரி என்றால் சி.

காலணியோடு, எண்ணெய் ஊற்றி நடக்கும் இன்னொரு சோதனையும் உண்டு. அதில் கிடைப்பதுதான் சில டைல்ஸ் விவரத்தாளில் நீ பார்க்கிற ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்கிற குறி. இங்கே ஒரு நுணுக்கம். இந்த வரிசை ஒன்றில் தொடங்கவில்லை, ஒன்பதில் தொடங்கி 13 வரை போகிறது. ஆர் 9 என்றதும் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்று நினைத்துவிடாதே. வரிசையில் பிடிப்பு மிகக் குறைந்தது அதுதான்!

குளியலறைத் தரையில் இன்னொன்றையும் கவனி. அங்கே ஒரு அடிக்கு ஒரு அடி டைல்ஸ்தான் பெரும்பாலும் இருக்கும், ஹாலில் உள்ளதுபோல் பெரிய இரண்டடி டைல்ஸ் இருக்காது. கொத்தனாரிடம் கேட்டால், "வாட்டம் வரணும் தம்பி" என்பார். தண்ணீர் தேங்காமல், அது வெளியேறும் ஜாலியைப் பார்த்து ஓடுவதற்கான சரிவைத்தான் வாட்டம் என்கிறார். நாலா பக்கமிருந்தும் தரை ஒரு மூலைக்குச் சரிய வேண்டும். பெரிய டைல்ஸ் வளையுமா? வளையாது. சின்ன டைல்ஸ் என்றால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் சாய்த்துப் பதிக்கலாம். இணைப்புக் கோடுகளும் அதிகம் வரும், காலுக்கு அதுவும் ஒரு பிடிமானம்.

ஹாலுக்குத் தண்ணீர் எதிரி இல்லை, மணல்தான் எதிரி. தெருவிலிருந்து செருப்போடு வருகிற மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது. எந்தப் பொருள் எதைக் கீறும் என்று பார்த்து, கடினத்துக்கு 1 முதல் 10 வரை எண் கொடுத்து வரிசைப்படுத்தினார் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற அறிஞர். அதில் வைரத்துக்கு 10, குவார்ட்ஸுக்கு 7, சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரை. டைல்ஸின் கிளேஸும் ஒரு கண்ணாடிதானே? காலடியில் அரைபடும் மணல் அதைக் கீறிக்கொண்டே இருக்கும். பூச்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, தேய்ந்தால் அடியில் உள்ள மண் நிறம் தெரிந்துவிடும். டபுள் சார்ஜ் என்ற வகையில் மேல் நிறமே மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருக்கும். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்துக்கு அது நல்ல தேர்வு. எதுவானாலும் வாசலில் ஒரு மிதியடி போட மறக்காதே.

சூளைக்கே போகாத டைல்ஸும் உண்டு தெரியுமா? சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடி என்று ஓர் ஊர். அங்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, அதன் மேல் பூ வடிவம் கொண்ட உலோக அச்சை வைப்பார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று குழம்பாகக் கரைத்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு கை நடுங்காமல் அச்சை மேலே தூக்குவார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் பூ அப்படியே நிற்கும்! அதன் முதுகில் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைப்பார்கள். நெருப்பே இல்லை. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து தானே இறுகுகிறது. பிற்பாடு கண்ணாடியைப் பிரித்தெடுத்தால், அதன் வழவழப்பு டைல்ஸின் முகத்தில் பதிந்திருக்கும். செட்டிநாட்டு வீடுகளின் கூடங்களில் இதைப் பார்க்கலாம்.

இதை அடுப்படிக்குப் போடலாமா? நான் வேண்டாம் என்பேன். சிமெண்டுக்கும் பளிங்குக்கல்லுக்கும் புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாற்றில் ஒரு முட்டை ஓட்டைப் போட்டுப் பார், நுரைத்துக்கொண்டு குமிழி வரும். முட்டை ஓட்டிலும் பளிங்கிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது, சிமெண்டையும் அரிக்கிறது. புளிக்கரைசலும் தக்காளிச் சாறும் சிந்துகிற இடத்துக்கு கிளேஸ் பூசிய டைல்ஸோ விட்ரிஃபைடோதான் சரி. மஞ்சள் கறையைக் குடிப்பது அந்த டைல்ஸ் இல்லை, இரண்டு டைல்ஸுக்கு நடுவில் உள்ள வெள்ளைக் கோடுதான். அங்கே எபாக்ஸி என்கிற பிசினை நிரப்பினால் கறை எளிதில் ஏறாது.

கடைசியாக மொட்டை மாடி. சித்திரை வெயிலில் அங்கே வெறுங்காலோடு ஓடியிருக்கிறாயா? சிவப்புத் தட்டோட்டுக்கும் வெள்ளை டைல்ஸுக்கும் வித்தியாசம் உன் பாதத்துக்கே தெரிந்திருக்கும். வெள்ளை நிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால்தான் மாடிக்கு வெள்ளை நிறம். ஆனால் மழையில் வழுக்காத சொரசொரப்பும் அதற்கு வேண்டும்.

சூடானால் டைல்ஸ் நீளும் என்பது தெரியுமா? பத்து மீட்டர் நீள மாடியில் டைல்ஸின் சூடு 30 டிகிரி கூடினால், மொத்த வரிசையும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீள முயலும். நடுவில் இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டியிருந்தால் எங்கே போகும்? ஒன்றையொன்று முட்டித் தள்ளி, ஒருநாள் படாரென்று மேலே எழும்பிவிடும். இதற்காகவும்தான் பதிக்கும்போது இரண்டு டைல்ஸுக்கு நடுவே சின்ன பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி இடைவெளி விடுகிறார்கள்.

எழும்பப்போகிற டைல்ஸை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து டைல்ஸின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் மெதுவாகத் தட்டு. அடியில் கலவை நிறைந்திருந்தால் கெட்டியான சத்தம் வரும். வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும், டொக் டொக்கென்று கேட்கும். அப்படிக் கேட்கிற டைல்ஸின் மேல் சாக்பீஸால் ஒரு குறி போட்டு வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டு. எந்த அறையில் எத்தனை குறி விழுந்தது என்று ஒரு கடிதத்தில் எனக்கும் எழுது, செல்லம்.