பெயர் வைக்காத மழையும் கடைக்காரர் பாலிசியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையையும் தூத்துக்குடியையும் முக்கியெடுத்த மழைக்குப் பெயரே கிடையாது. இரண்டு வாரம் முன்பு சென்னையை மூழ்கடித்ததற்கு மிக்ஜாம் என்று பெயர் வைத்தார்கள். இங்கே வந்தது குமரிக்கடலை ஒட்டிய வெறும் காற்றுச் சுழற்சி. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் வானிலை மையம் அதைப் புயல் என்று சொல்லும். மழைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி பெருகி, நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையம் குளமானது.

"புயலே வரலையே, இன்சூரன்ஸ்ல எப்படிக் கொடுப்பாங்க?" என்று கேட்கும் கடைக்காரர்கள் உண்டு. கொடுக்க வேண்டும். தீ காப்பீட்டு பாலிசியை விரித்துப் பாருங்கள்: ஸ்டார்ம், சைக்ளோன், டைஃபூன், டெம்பஸ்ட், ஹரிக்கேன், டொர்னாடோ என்று வரிசையாக அடுக்கியிருக்கும். டைஃபூனும் ஹரிக்கேனும் வேறு கடல்களில் சைக்ளோனுக்கு உள்ள பெயர்கள். டெம்பஸ்ட் என்பது கடும் சூறைக்காற்று. மிரள வேண்டாம், நமக்கு வேண்டியது வரிசையின் கடைசியில் இருக்கிறது: ஃபிளட், இனன்டேஷன். அதாவது வெள்ளம், தண்ணீர் சூழ்ந்து நிற்பது. ஆறு ஏறி வந்தாலும் சரி, குளம் உடைந்து வந்தாலும் சரி, புயல் அடித்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை.

வில்லங்கம் வேறு இடத்தில். பிரீமியத்தைக் குறைக்க இந்த வரிசை முழுவதையும் நீக்கிக்கொள்ளும் வசதி பழைய வகை பாலிசிகளில் உண்டு. ‘எஸ்.டி.எஃப்.ஐ.’ (ஸ்டார்ம், டெம்பஸ்ட், ஃபிளட், இனன்டேஷன்) நீக்கம் என்று ஒரு மூலையில் இருக்கும். வங்கிக் கடனோடு சேர்ந்து வந்த பாலிசியைப் பலர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நகல் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் சாக்கட்டியால் கோடு போட்டு, பக்கத்தில் டேப்பை வைத்துப் படமெடுங்கள். ஊறிய அரிசி மூட்டையையும் சேலைக் கட்டையும் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை தூக்கிப் போடாதீர்கள். நாற்றம் தாங்காமல் அகற்றத்தான் வேண்டுமென்றால் வீடியோ எடுத்து, கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். ஸ்டாக் நோட்டு நனைந்து போனாலும் ஜி.எஸ்.டி. கணக்கு இணையத்தில் இருக்கும். சர்வேயர் கட்டணம் கம்பெனியின் பொறுப்பு. உங்களிடம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கம்பெனி பணம் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்கே புகார். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமோ வக்கீலோ வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிப்பார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு இரண்டு ஆண்டு.

அரசு அப்போது கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் இன்சூரன்ஸ் பணத்தில் சேராது. அதை வாங்கியவரும் இன்சூரன்ஸ் பணத்தைக் கேட்கலாம்.