நான்கில் ஒன்று என்பதன் பொருள்

அரிவாளணுச் சோகை பெற்றோர் வழியே வரும் இரத்த நோய். இந்தியாவில் இது 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே முதன்முதலாகக் கண்டறியப்பெற்றது. தாய், தந்தை இருவரும் நோயின்றி அதற்குரிய மரபணுவை மட்டும் தாங்கியவராயின், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். ஒரு குழந்தை நோயுற்றுப் பிறந்தால் அடுத்த மூன்றுக்கும் நோயில்லை எனப் பெற்றோர் இதற்குப் பொருள் கொள்ளக்கூடும்; அது தவறு.

ஊழியர்கள் இதனை இரு நாணயங்களால் விளக்கலாம். ஒன்று தாய்க்கு, மற்றது தந்தைக்கு. இரண்டையும் சேர்த்துச் சுண்டுக. இரண்டிலும் தலை விழுந்தால் நோய். ஒன்றில் மட்டும் விழுந்தால் பெற்றோரைப் போன்ற நிலை. இரண்டிலும் பூ விழுந்தால் அம்மரபணுவே இல்லை. முன்பு விழுந்ததை நாணயம் அறியாது. ஒவ்வொரு பிறப்பிலும் வாய்ப்பு அதுவே. நூற்றுக்கு 25 பேருக்கு நோய் எனும்போது, 75 பேருக்கு நோயில்லை என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். முடிவெடுக்கும் உரிமை பெற்றோருடையதே.