மின்கலத்தின் குணமறிந்து மின்னேற்றுக

பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரத்துக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைத் தமிழர் பலரும் அறிவர். முன்னாளில் பிட் தெரு என வழங்கிய அச்சாலையில் 1801-ஆம் ஆண்டில் தோன்றிய பள்ளிவாசலும், சீனரின் குவான் இன் ஆலயமும், சற்றே உள்ளே தள்ளி மாரியம்மன் கோயிலும் அண்டை வீட்டார் போல் நிற்கின்றன. அங்குள்ள பழைய கடைவீடுகளும் அவ்வாறே ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பவை. 2008-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்ட பகுதி அது. அழகுக்குக் குறைவில்லை. ஆயின், அவ்வீடுகள் பலவற்றில் மாடித்தளம் மரப்பலகை. ஏறி இறங்க ஒரே மரப்படிக்கட்டு. தீ என்ற சொல்லை அங்கே மெல்லச் சொல்லவும் அஞ்சவேண்டும்.

சென்ற பள்ளி விடுமுறையில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு பயின்ற நண்பரைக் காண அத்தகைய வீடொன்றுக்குச் சென்றிருந்தேன். படிக்கட்டின் அடியில், பழைய செய்தித்தாள் கட்டின் மேல், அவர் மகனுடைய பந்தயப் பொம்மைக் காரின் மின்கலம் (நாம் பேட்டரி என்பது) மின்னேறிக் கொண்டிருந்தது. அது பொரித்த அப்பளம் போல் உப்பியிருந்தது.

"எவ்வளவு நேரமாகத் தம்பி?" என்றேன்.

"காலையிலிருந்து சார். சிவப்பு விளக்குப் பச்சையாக மாறவே இல்லை" என்றான் பையன்.

உடனே சுவரிலிருந்த விசையை அணைத்தோம். மின்கலத்தை வானம் பார்த்த முற்றத்துச் சிமெண்டுத் தரைக்கு அகற்றினோம். நல்லவேளையாக வேறொன்றும் நேரவில்லை. அந்தச் சிவப்பு விளக்கு ஏன் மாறவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டுத் துப்பாக்கியின் மின்கலம்

பையன் அம்மின்கலத்தைத் தெரிந்தெடுத்தது, வெளிநாட்டார் ஏர்சாஃப்ட் விளையாட்டைப் பற்றி வெளியிட்ட ஒளிப்படக் காட்சிகளைப் பார்த்தாம். 1970-களில் ஜப்பானில் தோன்றிய விளையாட்டு அது. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் எய்வர். 1991-இல் டோக்கியோ மருய் என்னும் நிறுவனம் மின்சாரத்தால் இயங்கும் துப்பாக்கியை வெளியிட்டது. உள்ளே ஒரு சிறு மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்றும். அவை சுருள்வில்லை இழுத்து விடும். வில் உந்தித் தள்ளும் காற்று குண்டை எறியும்.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971-ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டமும் போலித் துப்பாக்கிகளையும் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே அவ்விளையாட்டுக்கு இங்கே இடமில்லை. பிள்ளைகள் அதனை வரவழைக்கவும் கூடாது. ஆயினும் அதற்கு உயிர்கொடுக்கும் மின்கலத்தின் உடன்பிறப்புகள் பொம்மைக் கார், பறக்கும் கருவி, துளையிடும் கருவி முதலியவற்றில் ஏறி நம் வீட்டினுள் புகுந்துவிட்டன. இவற்றின் மோட்டார்கள் ஒரே நொடியில் 15, 20 ஆம்பியர் கேட்கும் பெருந்தீனிக்காரர்கள். கைவிளக்கு மின்கலத்தைப் போல் இவற்றின் மின்கலத்தையும் எண்ணுதல் பிழை.

மேலுறையில் மூன்று எண்கள்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம். தோட்டத்து லயங்களுக்கு மேட்டிலிருந்து நீர் தரும் தொட்டியை நினைத்துக்கொள்க. தொட்டி எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அதுவே வோல்ட். எவ்வளவு நீர் கொள்ளுமோ அது மில்லி ஆம்பியர்-மணி. குழாய் எவ்வளவு அகலமோ அது 'சி' என்ற எழுத்துடன் வரும் எண். 1,300 மில்லி ஆம்பியர்-மணியும் 20 சி-யும் உடைய மின்கலம் 1.3 × 20 = 26 ஆம்பியர் வரை தரவல்லது. மோட்டார் 20 கேட்டால் தாராளம். அதே கலம் 10 சி ஆயின் 13 ஆம்பியரே தரும். மேலும் கேட்டால் சூடேறிக் கெடும்.

மின்கலம் வாங்கும்போது முதலில் கருவிக்குரிய வோல்ட்டைப் பார்க்கவேண்டும். எண் பெரிதாயின் நன்மையும் பெரிது என்று கருதி, 7.4 வோல்ட்டுக்கு அமைந்த கருவியில் 11.1 வோல்ட்டைப் பூட்டினால் மோட்டார் வெறிகொண்டு சுழலும், பற்சக்கரம் உடையும், விசையின் தொடுமுனை கருகும். அடுத்து, கலம் வைக்கும் அறையின் அளவையும் செருகியின் வகையையும் பார்க்கவேண்டும். கடைசியாகவே கொள்ளளவு.

வகைகளும் குணங்களும்

மூத்தது நிக்கல்-காட்மியம். 1899-இல் சுவீடன் நாட்டு யுங்னர் கண்டது. முரட்டு உழைப்பாளி, ஆயின் காட்மியம் நஞ்சு. அரைகுறையாகச் செலவிட்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றினால் முழு அளவை மறந்துவிடும் இயல்பும் அதற்குண்டு.

அதன் இடத்தைப் பெற்றது நிக்கல்-உலோக ஹைட்ரைடு. ஓர் அறைக்கு 1.2 வோல்ட், ஏழு அறை சேர்ந்தால் 8.4, எட்டாயின் 9.6. பொறுமைசாலி. புதிதாகத் தொடங்குவோர்க்கு இதுவே தக்கது.

மூன்றாவது லித்தியம்-பாலிமர். ஓர் அறைக்கு 3.7 வோல்ட், இரண்டு அறை 7.4, மூன்று 11.1. எடை குறைவு, ஆற்றல் மிகுதி, பொறுமை மட்டும் இல்லை. ஓர் அறை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவும் கூடாது.

நான்காவது லித்தியம்-இரும்பு-பாஸ்பேட். அறைக்கு 3.3 வோல்ட் வீதம் மூன்று அறைக்கு 9.9. லித்தியக் குடும்பத்தில் சாதுவான பிள்ளை. இதன் வரலாற்றில் தமிழர் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. தமிழ்நாட்டு அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம் அவர்கள், 1980-களில் ஜான் குடினஃபுடன் சேர்ந்து சல்பேட் முதலிய கூட்டு அயனிகளைக் கொண்ட இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தார். அவ்வழியில் தொடர்ந்த ஆய்வே 1990-களில் பாஸ்பேட் கலத்தைத் தந்தது. 2019-இல் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவர்க்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயதான குடினஃபுக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரமே.

சிவப்பு விளக்கு மாறாத மர்மம்

நிக்கல் கலம் நிறைந்ததும் அதன் வோல்ட் சிறிதே சரியும். அதற்குரிய சார்ஜர் அந்தச் சரிவைக் கண்டுதான் 'போதும்' என்று நிறுத்துகிறது. லித்தியக் கலத்திலோ அச்சரிவு நிகழ்வதே இல்லை. நண்பர் மகன் பழைய நிக்கல் கலத்தின் சார்ஜரைப் புதிய லித்தியக் கலத்துக்கு இட்டிருந்தான். வராத ஒன்றுக்காகச் சார்ஜர் காத்திருந்தது. மின்சாரமோ ஓயாமல் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளிருந்த கரைசல் சிதைந்து வாயுவாயிற்று, கலம் உப்பிற்று. இன்னும் சென்றால் உள்ளே முனைகள் தொட்டு, ஓர் அறையின் வெப்பம் அடுத்த அறையைப் பற்றி எரியும்.

லித்தியச் சார்ஜர் வேறுவகையாகப் பணிபுரியும். முதலில் மின்னோட்டத்தை ஒரே சீராகச் செலுத்தும், அறைக்கு 4.2 வோல்ட் வந்ததும் அவ்வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும். மின்கலத்திலுள்ள வெள்ளை நிறச் சிறு செருகி ஒவ்வோர் அறையையும் தனித்தனியே அளந்து சமன் செய்வதற்கு உரியது. அதனையும் தவறாமல் பொருத்தவேண்டும். பாஸ்பேட் கலத்துக்கு அறைக்கு ஏறத்தாழ 3.6 வோல்ட்டே எல்லை; ஆகவே சார்ஜரில் அதற்குரிய வகையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

எவ்வளவு ஓட்டம்? லித்தியத்துக்குக் கொள்ளளவுக்குச் சமமான எண்ணைத் தாண்டாதிருப்பது நலம்: 1,300 மில்லி ஆம்பியர்-மணிக்கு 1.3 ஆம்பியர். 1,600 கொண்ட நிக்கல் கலத்துக்கு 0.8 ஆம்பியர் விட்டால், கணக்குக்கு இரண்டு மணி. சற்றுக் கூடுதலாகவும் ஆகும்.

பேணும் முறை

மின்னேற்றும் இடம் சிமெண்டுத் தரையாகவோ ஓட்டுத் தளமாகவோ இருத்தல் வேண்டும். மண்சட்டியினுள் வைப்பது இன்னும் நன்று. மெத்தை, மரப்பலகை, செய்தித்தாள் ஆகா. படிக்கட்டின் அடி அறவே ஆகாது; தப்பி ஓடும் வழியிலே தீயை வளர்ப்பவர் உண்டோ? அருகில் ஆளில்லாமலும், வீட்டார் உறங்கும்போதும் மின்னேற்றலாகாது.

பயன்படுத்திச் சூடாக உள்ள கலத்தை ஆறவிட்டே மின்னேற்றுக. வேலை முடிந்ததும் கருவியிலிருந்து கழற்றிவிடுக. வாரக்கணக்கில் எடுத்து வைப்பதாயின் லித்தியக் கலத்தைப் பாதி நிறைவில், அறைக்கு ஏறத்தாழ 3.8 வோல்ட்டில் வைத்தல் முறை. நிக்கல் கலம் சும்மா இருக்கும்போதே சிறிது சிறிதாக இழக்குமாதலின் ஓரிரு மாதத்துக்கொரு முறை மின்னேற்றுதல் நன்று. நம் நாட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் எதனையும் விட்டுவைக்கலாகாது. விமானப் பயணத்தில் தனியே கொண்டுசெல்லும் லித்தியக் கலம் கைப்பையில்தான் இருக்கவேண்டும்.

உப்பிய கலத்தைக் குத்தவோ அமுக்கவோ மீண்டும் மின்னேற்றவோ வேண்டா. குப்பைத் தொட்டியிலும் எறியலாகாது. மின்கழிவு பெறும் நிலையத்தில் சேர்ப்பிக்க. புகை கண்டால் பொருளை மறந்து ஆட்களை வெளியேற்றி 999 எண்ணை அழைக்க.

அன்று நண்பர் மகன் புதிய மின்கலத்தையும் சார்ஜரையும் மேசையில் வைத்து, இரண்டின் மேலும் அச்சிட்டிருந்ததை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினான். இரண்டிலும் லித்தியம், இரண்டிலும் இரண்டு அறை. எழுத்து மிகச் சிறியது. என் கண்ணாடிக்கும் எட்டவில்லை. ஆசிரியர்கள் அறிவியல் வகுப்பில் ஒரு மின்கலத்தை மாணவர் கையில் கொடுத்து, அதன் மேலுறையைப் படிக்கச் செய்தால் அரைமணி நேரத்துப் பாடம் ஆகும். அந்த அரைமணி ஒரு வீட்டைக் காக்கக்கூடும். ஒட்டி நிற்கும் கடைவீடாயின் ஒரு தெருவையே காக்கக்கூடும்.