தளங்களே இல்லாத மாணவர் விடுதி

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரை ஒட்டியுள்ள ஷவான்-ப்ரே-ரெனானில், பல்கலைக்கழக வளாகத்தின் ஓரமாக நிற்கிறது வோர்டெக்ஸ் மாணவர் விடுதி. கட்டடக் கலைஞர் ஜான்-பியர் டூரிக் வடிவமைத்த இது நடுவில் திறந்த முற்றம் கொண்ட பெரிய வளையம். விட்டம் 137 மீட்டர், உயரம் 27 மீட்டர், உள்ளே 712 குடியிருப்புகள்.

வெளியிலிருந்து எண்ணினால் மாடிகள் தெரியும். உண்மையில் தனித்தனித் தளங்கள் இதில் கிடையாது. முற்றத்தைச் சுற்றியபடி ஒரே நடைபாதை தரையிலிருந்து கூரை வரை ஏறிக்கொண்டே போகிறது. கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி அடுக்கினால் வளையங்கள் தனித்தனியாகத் தோன்றும், கயிறு ஒன்றுதான், அமைப்பு அப்படிப்பட்டது. நடைபாதையின் நீளம் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர். சரிவு ஒரு விழுக்காடு, அதாவது நூறு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏற்றம். வளையத்தை ஒருமுறை சுற்றி வந்தால் சுமார் மூன்று மீட்டர், ஒரு மாடி உயரம், கூடிவிடும். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவே ஏற்கத்தக்கது எனும்போது, நூற்றுக்கு ஒன்று என்பது காலுக்கு உறைக்காத ஏற்றம். அவசரக்காரர்களுக்கு மின்தூக்கியும் படிக்கட்டும் உண்டு.

இந்தச் சரிவின் பயன் அழகோடு முடிவதில்லை. வழக்கமான விடுதியில் இருபுறமும் கதவுகள், நடுவே இருண்ட தாழ்வாரம். மேல்தளத்தில் இருப்பவர் யாரென்று கீழ்த்தளத்துக்குத் தெரியாது. இங்கே எல்லாக் கதவுகளும் ஒரே தெருவில் இருக்கின்றன, தெருவும் வெளிச்சமான முற்றத்தைப் பார்த்தபடி போகிறது. அறைகளை எண்ணிக்கைக்காக மட்டும் அடுக்கி, மாணவர் கூடிப் பழகும் இடத்தை மறந்துவிடும் விடுதிகள் நம் ஊரில் ஏராளம். வீடு விட்டு வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கட்டிலைப் போலவே அக்கம்பக்கமும் தேவை.

கட்டடத்தின் முதல் விருந்தினர்கள் மாணவர்கள் அல்லர். 2020 ஜனவரியில் லோசானில் நடந்த குளிர்கால இளையோர் ஒலிம்பிக்கில் விளையாட வந்தவர்களில் பலர் இங்கேதான் தங்கினார்கள். போட்டிக்கென்று எழுப்பிய குடியிருப்புகள் பின்னால் ஆளின்றிக் கிடப்பது பல நகரங்களின் அனுபவம். டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காக யமுனைக் கரையில் கட்டிய வீடுகளில் பல ஆண்டுக்கணக்கில் விலைபோகவில்லை. லோசானில் வரிசையே வேறு: மாணவர்களுக்கு வீட்டுத் தட்டுப்பாடு ஏற்கெனவே இருந்தது, அதற்கென்று திட்டமிட்ட கட்டடத்தில் விளையாட்டு வீரர்கள் சில நாள் தங்கிப் போனார்கள். அதே ஆண்டிலேயே லோசான் பல்கலைக்கழகத்திலும் பக்கத்துக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படிப்பவர்கள் குடியேறத் தொடங்கினர்.