கழிமுகத் தூண்டிலுக்கு எந்த இரை?

நம் ஊர் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. விடுமுறையில் அங்கே தூண்டில் போடச் செல்லும் சகோதரர்களுக்காக இதை எழுதுகிறோம்.

ஏரி, குளத்தில் உதவும் மண்புழு கழிமுகத்தில் அவ்வளவாகக் கைகொடுக்காது. உப்புநீர் பட்டதும் செத்துத் துவண்டுவிடும். அங்குள்ள மீன்கள் அன்றாடம் தின்பதையே இரையாகக் கோக்க வேண்டும்.

கொடுவா வேட்டை மீன். அசைவதைப் பாய்ந்து பிடிக்கும். அதற்குத் துள்ளும் இறால் ஏற்றது. கெளுத்தி மீசையால் துழாவி, வாடை பிடித்து வரும். அதற்கு வாடை ஏறிய இறால் துண்டே போதும். மடவை சேற்றில் படியும் பாசியை மேய்வது, வாயும் சிறியது. சின்னத் தூண்டில் முள்ளில் கோதுமை மாவைப் பட்டாணி அளவு உருட்டி வைக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தில் இழுப்பு கடுமையாக இருக்கும். தண்ணீரில் இறங்காமல் கரையிலிருந்தே வீசுங்கள். கெளுத்தியின் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு, வெறுங்கையால் பிடிக்காதீர்கள். குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதை முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.